அறிவியல் நிலையத்துக்குப் பிள்ளைகளோடு: பலகையைக் கடைசியில் படிக்கும் முறை

தொடக்கநிலை 3 முதல் 6 வரை படிக்கும் பிள்ளைகளை ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துப் போகும் பெற்றோருக்கும் தொண்டூழியர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத் துணைப்பாட வகுப்புப் பிள்ளைகளோடு நான் பலமுறை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை 14 பிள்ளைகள், 11 காட்சிப்பொருள்கள், இரண்டரை மணி நேரம். திரும்பும்போது ரயிலில், "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "ஏர்கான் ரொம்பக் குளிரு அக்கா" என்றான் ஒருவன். மற்றவர்களுக்கு அதுகூடச் சொல்ல வரவில்லை.

தப்பு பிள்ளைகளிடம் இல்லை. நான் போட்ட வரிசைதான் தப்பு. அதை மாற்றி மாற்றிப் பார்த்து, இப்போது ஒரு மாதிரி படிந்திருக்கும் முறையைக் கீழே தருகிறேன். காட்சிக்கூடங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், பெரும்பாலான அறிவியல் நிலையங்களில் காணக்கூடிய வகைகளையே உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

1. முதலில் தனியாகப் போய் வாருங்கள்

இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். "இணையப்பக்கத்தில் எல்லாம் இருக்கே" என்பார்கள். ஒரு காட்சிப்பொருளைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம், பக்கத்துக் கருவியின் இரைச்சலில் நீங்கள் பேசுவது காதில் விழுமா, இன்றைக்கு எது பழுதாகிக் கிடக்கிறது என்பதெல்லாம் இணையப்பக்கத்தில் இருக்காது.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும், பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையைப் படிக்காமல் முதலில் கையை வையுங்கள். உங்களுக்கு எங்கே குழப்பம் வருகிறதோ அங்கேதான் பிள்ளைக்கும் வரும். பலகையைப் படித்துவிட்டால் அந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்து ஐந்து நிமிடம் ஓரமாக நின்று, வேறு யாருடைய பிள்ளைகளோ அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொத்தானை அழுத்திவிட்டு, விளைவைப் பார்க்காமலேயே ஓடுகிறார்களா? அப்படியானால் அது எவ்வளவு பெரிய தத்துவத்தைக் காட்டினாலும் உங்களுக்கு உதவாது. திரும்பத் திரும்ப வந்து தொடுகிறார்களா? குறித்துக்கொள்ளுங்கள்.

போய் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் மறுபடி ஒரு நடை போவது நல்லது.

2. நான்கு போதும், கையிருப்பாக ஒன்று

நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறோமே, எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்றுதான் மனசு சொல்லும். கேட்காதீர்கள். ஒன்றை ஒழுங்காகச் செய்ய 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நான்கு முடிந்தால் ஒன்றே கால் மணி நேரம். அதற்கு மேல் தொடக்கநிலைப் பிள்ளையின் கவனம் நிற்காது. நம்முடையதே நிற்பதில்லை! ஐந்தாவது எதற்கென்றால், போகிற அன்று நான்கில் ஒன்று கட்டாயம் பழுதாகியிருக்கும், அல்லது ஒரு பள்ளிக்கூடமே அதன் முன்னால் வரிசையில் நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளை தன் கையால் எதையாவது மாற்ற முடியவேண்டும். மாற்றினால் விளைவு உடனே, பத்து விநாடிக்குள் தெரியவேண்டும். முக்கியமாக, பிள்ளையின் முதல் ஊகம் பெரும்பாலும் தப்பாகும் வகையில் இருக்கவேண்டும். எல்லாரும் சரியாக ஊகிப்பது வேடிக்கை மட்டும்தான்.

அப்புறம் வகுப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். காந்தம் தொடக்கநிலை 3இல் வருகிறது. ஒளியும் வெப்பமும் 4இல், மின்சுற்று 5இல், உராய்வும் ஈர்ப்பு விசையும் 6இல். ஏற்கெனவே கொஞ்சம் படித்த பாடமாக இருந்தால்தான், நடந்ததைச் சொல்லப் பிள்ளையிடம் சொற்கள் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் அது மெதுவாக மிதந்து இறங்கும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் தொடக்கநிலை 3 பிள்ளையிடம் காட்டமாட்டேன். செம்பைக் காந்தம் இழுக்காது என்று அப்போதுதான் படித்திருப்பான். குழாயில் நடப்பதைப் பார்த்துவிட்டு "செம்பும் காந்தத்தில் ஒட்டும்" என்று முடிவு கட்டுவான். உண்மையில், விழும் காந்தம் குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் விழுவதை எதிர்க்கிறது. இதை எட்டு வயதில் புரியவைக்க முடியாது. நல்ல காட்சிப்பொருளும் தவறான பாடத்தை அழுத்தமாகக் கற்றுக்கொடுத்துவிடும்.

காற்றுத் தாரையில் மிதக்கும் பந்தும் அப்படித்தான். பிள்ளைகள் விளையாடட்டும். அதற்கு நான் விளக்கமே சொல்வதில்லை. பெரியவர்கள் சொல்லும் விளக்கங்களில் பாதி அரைகுறை.

3. முந்தின நாள் இருபது நிமிடம்

பிள்ளைகள் தலையில் அன்று ஓடுவது அறிவியல் இல்லை. சாப்பாடு எங்கே, யார் பக்கத்தில் உட்காருவது, கடையில் ஏதாவது வாங்கலாமா என்பவைதான். இவற்றுக்கு முந்தின நாளே பதில் சொல்லிவிடுங்கள். கடை உண்டு என்றால் எப்போது, எத்தனை வெள்ளி. இல்லை என்றால் இல்லை. சொல்லாவிட்டால் நாள் முழுக்க அந்தக் கேள்விதான்.

மீதி நேரத்தில் ஊகத்தாளைப் பழக்குங்கள். ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, "என்ன நடக்கும்னு நினைக்கிறேன்", "என்ன நடந்தது", "இன்னும் புரியாதது" என்று தலைப்பிட்டால் போதும். பழக்க ஒரு பூட்டும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு லேசாக ஆட்டி, பத்து முறை போய்வர எத்தனை விநாடி என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். இன்னொரு பூட்டையும் சேர்த்துக் கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாகவா? எழுதச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் வேகம் என்பார்கள். நேரம் மாறவே மாறாது.

அப்புறம் நூலை நீட்டிப் பாருங்கள். தொங்கும் இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதிவரை 25 செ.மீ. இருந்தால் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 10 விநாடி, 100 செ.மீ. இருந்தால் சுமார் 20 விநாடி. இரண்டாவது பூட்டை முதல் பூட்டுக்குக் கீழே கோத்துவிடாதீர்கள், பக்கத்தில் கட்டுங்கள். கீழே கோத்தால் எடையோடு நீளமும் மாறிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்ற பாடம் இந்தத் தவற்றிலேயே கிடைத்துவிடுகிறது. பள்ளியில் ஃபேர் டெஸ்ட் என்று மனப்பாடம் செய்தது அப்போதுதான் உறைக்கும்.

4. கையில் இருக்கவேண்டியவை

ஊகத்தாள், தாளைத் தாங்கும் அட்டை, பென்சில். பேனா வேண்டாம், சட்டையிலும் சுவரிலும் கோடு விழும். ஒரு சின்ன டார்ச். மீன்தொட்டியில் ஒட்டும் பட்டை வெப்பமானி ஒன்று (இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்). தண்ணீர்ப் போத்தல். குளிருக்கு மேல்சட்டை அவசியம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஏழு எட்டு என்று போனால் நீங்கள் தலை எண்ணிக்கொண்டே இருப்பீர்கள், பாடம் நடக்காது.

5. உள்ளே போனதும் சும்மா விடுங்கள்

முதல் இருபது நிமிடம் எதுவும் கேட்காதீர்கள். எல்லை மட்டும் சொல்லிவிட்டு, இந்தக் கூடத்துக்குள் எதை வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டுவிடுங்கள். புது இடம் என்ற பரபரப்பு வடிகிறவரை நீங்கள் கேட்கும் கேள்வி காதில் ஏறாது. நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் நான் இதைச் செய்யாத நாட்களில், முதல் காட்சிப்பொருளின் முன்னால் நிற்கும்போதே எல்லாக் கண்ணும் மூலையில் மின்னும் பிளாஸ்மா பந்தின் மேல்தான் இருந்தது. அந்தப் பந்து இந்த இருபது நிமிடத்துக்கானது.

6. ஊகம், கை, பேச்சு, கடைசியில் பலகை

இதுதான் முழு வேலையும். மற்றப் படிகள் இதற்கான ஏற்பாடுகள்.

புதிதாக வரும் தொண்டூழியர் ஒவ்வொருவரும் செய்வது இது: காட்சிப்பொருளின் முன் பிள்ளைகளை நிறுத்துவார், பலகையைச் சத்தமாகப் படிப்பார், "புரிஞ்சுதா?" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றுவார்கள். பலகையில் சொன்னபடியே நடக்கும். சரி, அடுத்தது. விடை தெரிந்த பிறகு தொடுவதில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். உலோகத் தகடும் மரப்பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் தொட்டுப் பார்க்கவேண்டும். மிகச் சாதாரணமானது, யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கோ இதுதான் முதல் தேர்வு.

தொடச் சொன்னேன். "மெட்டல் கூல், வுட் வார்ம்" என்றாள் தொடக்கநிலை 5 மாணவி ஒருத்தி. ஏன்? "மெட்டல் இஸ் எ பெட்டர் கண்டக்டர் ஆஃப் ஹீட்." மூச்சுவிடாமல் வந்தது. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

"சரி, ரெண்டு மேலயும் வெப்பமானி வச்சா எது குறைவா காட்டும்?" என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் ஐந்து பேரும் உலோகம்தான் என்று எழுதினார்கள். பட்டை வெப்பமானியை வைத்தோம். இரண்டிலும் ஒரே எண். "அக்கா, இது ஸ்பாயில்" என்றான் ஒருவன். இடம் மாற்றி வைத்தான், திரும்பவும் அதே எண். அப்புறம் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அன்று அவ்வளவு தூரம் போனோம்.

இரண்டும் ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்தவை, அதனால் ஒரே வெப்பநிலை. நம் கைதான் இரண்டையும்விடச் சூடு. உலோகம் கையின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது, தோல் சட்டென்று குளிர்கிறது. நாம் உணர்வது தோலின் வெப்பநிலையைத்தான், தகட்டின் வெப்பநிலையை இல்லை. அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்ன வாக்கியத்தின் அர்த்தமும் இதுதான். வாக்கியம் அவளிடம் முதலிலிருந்தே இருந்தது, பொருள் அன்றுதான் வந்தது.

இதை நீங்கள் செய்யும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். வெப்பமானிப் பட்டையை விரலால் அழுத்தாதீர்கள், விரல் சூடு ஏறிவிடும். அடிக்கோலால் ஓரத்தை அழுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் படியுங்கள். பத்துப் பேர் கைவைத்துப் போன உடனேயும் அளக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி நவீனமாக இருக்கிறதே என்று அதைக் கொண்டுவராதீர்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அது தவறான எண்ணைக் காட்டும். சுற்றியுள்ளவற்றின் வெப்பக் கதிர்கள் அந்தப் பரப்பில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்துப் படித்துவிடும். நான் ஒருமுறை இப்படி மாட்டிக்கொண்டு, ஐந்து பிள்ளைகள் முன்னால் என் பாடத்தை நானே பொய்யாக்கினேன்.

வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் ஊகத்தை எழுதவேண்டும். வாயால் சொல்லவிட்டால், முதலில் சொல்பவனையே எல்லாரும் பின்பற்றுவார்கள். எழுதியதை அழிக்கக்கூடாது, தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் அழிப்பானை ஆயுதம் மாதிரி வைத்திருப்பவர்கள். அப்புறம் கை. ஒருவர் செய்ய, மற்றவர்கள் பார்க்க, மாற்றி மாற்றி. அடுத்து, என்ன நடந்தது என்று மட்டும் பேச்சு. "ஏன்" என்பதை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். பிள்ளைகள் தாங்களாகவே "அப்போ எப்படி?" என்று கேட்கும்வரை பொறுங்கள். உங்களுக்குப் பதில் தெரியும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் ரொம்பக் கஷ்டமான வேலை. மனத்துக்குள் பத்துவரை எண்ணுவேன், சில நாள் இருபதுவரை.

பலகை கடைசியில். இப்போது அதைப் பிள்ளைகளே படிப்பார்கள், தங்கள் சண்டைக்குத் தீர்ப்புத் தேடி.

7. இன்னும் இரண்டு, அவற்றில் வழக்கமாக வரும் தப்புகள்

தூரத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கிசுகிசுத்தால் மற்றதில் கேட்கும். பிள்ளைகள் செய்யும் தப்பு, எதிரில் நிற்கும் நண்பனைப் பார்த்துப் பேசுவது. கிண்ணத்தைப் பார்த்துப் பேசவேண்டும், நண்பனுக்கு முதுகு காட்டி. குவியும் இடத்தில்தான் வாயும் காதும் இருக்கவேண்டும், ஒரு சாண் விலகினாலும் கேட்காது. சரியாகக் கேட்க ஆரம்பித்ததும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: நடுவில் ஒரு பிள்ளை போய் நின்றால் ஒலி தடைப்படுமா? எல்லாரும் ஆமாம் என்று எழுதுவார்கள். நிற்கவையுங்கள், இன்னும் கேட்கும். கிண்ணத்தின் முழு அகலத்திலிருந்தும் ஒலி போகிறது, ஒரு பிள்ளை மறைப்பது அதில் சின்னப் பங்கு.

அடுத்தது வண்ண நிழல். சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் வெள்ளைச் சுவரில் விழும். தொடக்கநிலை 4 பிள்ளையைக் கேட்டால், நிழல் கறுப்பு என்பான். சுவருக்கு முன்னால் கை நீட்டினால் நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என மூன்று நிழல்கள். சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் விழுவதால் அது நீலப்பச்சை. விளக்கம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை: ஒவ்வொரு விளக்காக அட்டையால் மறைத்து, எந்த நிழல் காணாமல் போகிறது என்று பார்க்கவிடுங்கள். இங்கே பெரியவர்கள் செய்யும் தப்பு, பிள்ளைகளைச் சுவருக்கு அருகில் நிற்கவைப்பது. ஒட்டி நின்றால் மூன்று நிழலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடுவில் கறுப்பாகத்தான் தெரியும். கொஞ்சம் பின்னால் வரவேண்டும்.

சுழலும் நாற்காலி இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

8. எந்த மொழியில் பேசுவது

பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான். அதனால் பல தமிழ்ப் பெற்றோர் அங்கே போனதும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தேவையில்லை. நடந்ததைச் சொல்ல வீட்டுத் தமிழே நல்லது: இழுக்குது, வழுக்குது, சுரீர்னு இருக்கு, கனமா இருக்கு. "சுரீர்" என்று சொல்லும் பிள்ளை உண்மையிலேயே தொட்டுப் பார்த்திருக்கிறாள். "கண்டக்டர்" என்பவள் தொடாமலேயே சொல்லலாம்.

கலைச்சொல்லைப் பலகை படிக்கும் நேரத்தில் கொடுங்கள், ஆங்கிலம் தமிழ் இரண்டிலும். உராய்வு, விசை, எதிரொளிப்பு போன்ற சொற்கள் கையில் அனுபவம் ஏறிய பிறகு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே கொடுத்தால், பிள்ளை அந்தச் சொல்லையே விடையாக நீட்டிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடும்.

9. காட்சிகளை எப்போது பார்ப்பது

நெருப்புச் சூறாவளி, டெஸ்லா சுருளின் மின்னல் போன்ற மேடைக் காட்சிகள் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. பார்க்கட்டும். ஆனால் அவை கைபடும் காட்சிகள் இல்லை, அதனால் உங்கள் நான்கில் சேராது. கடைசியில் வையுங்கள். முதலில் பார்த்துவிட்டால் அதன் பிறகு மரப்பலகையை யார் தொடுவார்கள்? நேர அட்டவணையை அன்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கேற்பப் பின்னோக்கி நேரம் பிரிக்கலாம்.

பள்ளி விடுமுறை வாரங்களில் கூட்டம் தாங்காது. வேறு வழியில்லையென்றால் திறந்தவுடன் உள்ளே போய், முதல் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுங்கள்.

10. இரண்டு நாளுக்குள் வீட்டில் ஒன்று

ஒரு வாரம் விட்டால் நினைவில் இருப்பது நெருப்புச் சூறாவளி மட்டும்தான். இரண்டு நாளுக்குள், நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து, வீட்டுப் பொருளை வைத்துச் செய்யவேண்டும். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "நான் அறிவியல் நிலையத்துக்குச் சென்றேன்" என்று தொடங்கும் தாள்கள் போதுமான அளவு இருக்கின்றன.

மரப்பலகைப் பாடத்துக்கு நான் கொடுப்பது: ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகள், ஒரு அலுமினிய வாணலி, காய் நறுக்கும் ஒரு மரப்பலகை. இரண்டும் கொஞ்ச நேரம் மேசை மேல் கிடந்திருக்கவேண்டும், அடுப்பிலிருந்து இறக்கிய வாணலி கூடாது. எதில் ஐஸ் முதலில் உருகும் என்று பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஊகம் கேட்டுத் தாளில் எழுதி, பிறகு செய்துகாட்டி, தமிழில் விளக்கிவிட்டு வரவேண்டும். வாணலியில்தான் முதலில் உருகும். தொட்டால் குளிர்ந்த பொருளில் ஐஸ் ஏன் சீக்கிரம் கரைகிறது என்று பாட்டி கட்டாயம் கேட்பார்.

அந்த மாணவியின் தாள் அடுத்த சனிக்கிழமை வந்தது. ஊகப் பத்தியில் பாட்டி சொன்னது: "வாணலி. இத்தனை வருஷம் சமைக்கிறேன், எனக்குத் தெரியாதா." மூன்றாவது பத்தியில், புரியாதது என்ற இடத்தில், அவள் எழுதியிருந்தாள்: "எவர்சில்வர் தட்டில் ஏன் வாணலியைவிட மெதுவாக உருகுது? ரெண்டும் மெட்டல்தானே?" எவர்சில்வரை நான் சொல்லவே இல்லை. அடுத்த நடைக்கான முதல் காட்சிப்பொருளை அந்தக் கேள்வியை வைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.